சோல் ஒட்டாத ஷூ

1

“அது செருப்பே இல்லங்கிறாரு கம்பெனி ஆபீசரு.”

“அப்புறம் என்னவாம்?”

“பீஸாம். சோல் ஒட்டாதது எப்படிம்மா செருப்பாகும்னு என்கிட்டயே கேக்குறாரு.”

இந்தக் கதை பிறந்தது இந்தப் பேச்சில்தான். சொன்னவள் குரும்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டு தேவயானி. கேட்டது நான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். (‘ஓட்டினாள்’ என்று எழுத வேண்டுமா என்பது நாளைக் காலைதான் தெரியும்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில், தேவயானியின் கன்னத்தில்...’

வேண்டாம். கன்னத்தில் அடி விழும்போது யாரும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று லைன் லீடர் கவிதா கொண்டுவந்து போட்ட ஷூ மேல்பாகங்களில் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. தேவயானி அதைத் தைக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“டார்கெட்டு போவுது, நீ என்னடி நொட்டை சொல்ற?”

“கோணலா தச்சா என் தலையிலதானக்கா விடியும்?”

கவிதா அதையே எடுத்து அவள் முகத்தில் அடித்தாள். மறுபடி ஓங்கியபோது தேவயானி அந்தக் கையைப் பிடித்தாள். நகம் பட்டு கவிதாவின் மணிக்கட்டில் ரத்தம்.

யாருக்கு ரத்தம் வந்ததோ அவளே அடிபட்டவள். கம்பெனியின் நியாயம் அவ்வளவுதான். கவிதாவுக்குக் கட்டுப் போட்டு காபி கொடுத்தார்கள். தேவயானியின் கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

3

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் விசாரணை அறை, முடிவில்லாத தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும். இன்று காலை தேவயானியை விசாரித்த அறை கேன்டீனை ஒட்டி இருந்தது. சாம்பார் வாசனை. ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார்.

“செருப்பால அடிச்சாங்கன்னு எழுத முடியாதும்மா. பீஸ் பட்டுச்சுன்னு வேணா போட்டுக்கலாம்.”

“உங்க மூஞ்சியில பட்டா இப்படித்தான் சொல்லுவீங்களா சார்?”

இதை அவள் சொல்லவில்லை. ஆத்திரம் தாங்காமல் நான் எழுதினேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “நான் அடிக்கல சார்.”

“பாத்தவங்க இருந்தா நாளைக்குக் கூட்டிட்டு வா. இல்லன்னா வேற இடம் பாத்துக்க.”

4

கவிதா வெறும் கெட்டவள்தானா? நேற்று காலையில் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டியிருக்கிறார். அதைச் சேர்த்தால் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். சேர்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை அவள் சூப்பர்வைசர் முகத்தில் காட்டவில்லையே! அதையும் சேர்க்கிறேன்.

முடிவு ஒன்று: லைன் முழுக்க மிஷினை நிறுத்துகிறது. (கிழித்துப்போட்டேன். நேற்று ஒரு மிஷின்கூட நிற்கவில்லை.)

முடிவு இரண்டு: கவிதா அழுதுகொண்டே வந்து... (எழுதக் கூசியது.)

5

மிச்சம் இருப்பது பானுப்ரியா. பக்கத்து மிஷின்காரி. எல்லாவற்றையும் பார்த்தவள், ஆபீசர் கேட்டதற்கு, குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டவள்.

இன்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் தேவயானி காத்திருந்தாள். நானும் கூட நின்றேன். பானுப்ரியா இறங்கினாள். இவளைக் கண்டதும் ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இவள் ஓடிப்போய் மறித்தாள்.

“என்னையும் நிறுத்திருவாங்கடி. எங்க வூட்டு நெலம உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

பானுப்ரியாவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவள் நின்ற இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். தேவயானி உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

“மொதல்ல கை ஓங்குனது யாருன்னு மட்டும் சொல்லு, போதும். காலையில என்கூட உள்ள வரியாடி?”