பத்து மணி ரேட்

இரண்டும் சின்ன நாடுகள். நடுவில் ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். டாலருக்கு எதிரே இவர்கள் பணம் என்ன விலை, அவர்கள் பணம் என்ன விலை என்று சொல்ல உலகத்தில் ஆள் இருந்தது. இவர்கள் பணத்துக்கு அவர்கள் பணம் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தேவைப்படவில்லை. அதனால் தினமும் காலை பத்து மணிக்கு இக்கரை வங்கியிலிருந்து அக்கரை வங்கிக்கு போன் போகும். இரு பக்கத்து ஊழியர்களும் பேசி ஒரு ரேட்டுக்கு வருவார்கள். அன்று முழுக்கப் பாலத்தின் இரு முனையிலும் அதுதான் ரேட்.

இக்கரையில் பேசியவனுக்கு ஆபீசில் 'தசமம்' என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் நாலாவது எண் வரைக்கும் மல்லுக்கட்டாமல் போனை வைக்க மாட்டான். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுடன் இருந்தான்.

ஒருநாள் எதிர்முனையில் புதிதாக ஒரு பெண் குரல்.

"உங்க பணம் இன்னைக்குக் கொஞ்சம் இளைச்சிருக்கு சார்."

"எங்க அக்கா சமையல் அப்படி மேடம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு நாலாவது தசமத்தை அவன் விட்டுக்கொடுத்துவிட்டான்.

சாரும் மேடமும் எப்போது உதிர்ந்தன என்று இருவருக்கும் நினைவில்லை. விடுமுறை நாட்களில் அவன் பாலம் தாண்டிப் போனான். அவளுடைய அப்பா படுக்கையில் இருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகு அக்கரையிலேயே இருப்பது என்று முடிவானது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பார்த்தார்கள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிந்தது. முன்பணம் கட்ட, தன் சேமிப்பு முழுவதையும் அன்றைக்கே அக்கரைப் பணமாக மாற்றப்போவதாக ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னான்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. திங்கட்கிழமை அவளுடைய அரசாங்கம் தன் பணத்தின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்போகிறது. புது ரேட் பட்டியலைத் தயார் செய்யும் வேலையை அன்று காலையில்தான் அவளிடம் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். இவனோ அத்தனை வருட உழைப்பைக் கொண்டுபோய்க் கொட்டப்போகிறான்.

"இன்னைக்கு மாத்த வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"வேணாம்னா விடுங்களேன்."

"சரிம்மா, உத்தரவு. திங்கட்கிழமைக்கு மேல மாத்திக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவனுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த இக்கரை மேலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். பல வருடம் பணச் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர்; அக்கரைப் பணம் விழப்போகிறது என்று புரிந்துகொண்டார். மாலைக்குள் தன் பேரிலும் மச்சான் பேரிலும் இருந்த அக்கரைப் பணம் அத்தனையையும் விற்றுத் தள்ளிவிட்டார்.

திங்கட்கிழமை மதிப்புக் குறைந்தது. அதற்கு முன்பே விற்றது யார் என்று தோண்டினார்கள். வங்கி போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். மேலாளருக்கு இடமாற்றம், அதோடு சரி. அவளுக்கு வேலை போனது, வழக்கும் வந்தது.

"காதலனுக்காக ரகசியத்தை வித்தாள்னுதான் குற்றச்சாட்டே" என்றார் அவளுடைய வக்கீல், தசமத்தைத் தனியே அழைத்து. "போன் பதிவுல பணம் மாத்தற பேச்சுதான் இருக்கு, கல்யாணப் பேச்சு இல்ல. உங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு ஆனாத்தான் அந்தப் பொண்ணு தப்பிக்கும். இனிமே போன் கூடாது, பாக்கக் கூடாது. கேஸ் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க."

சாட்சிக் கூண்டில் ஏறி, "அவங்க குரலைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது" என்று அவன் சொன்னான். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வழக்கு ஆறு வருடம் இழுத்தது. அதற்குள் அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கம் கேட்கக்கூட அவனால் போக முடியவில்லை. கடைசியில், இருவருக்கும் உறவு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அவளை விடுவித்தார்கள். செய்தி வந்த மறுநாள் முடிவெட்டிக்கொண்டு, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பாலம் தாண்டினான்.

அவள் ஒரு பெயின்ட் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து கடை வாசலுக்கு வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சே, இனிமே என்ன பயம்? அந்த வீடு இல்லைன்னா வேற வீடு" என்றான்.

"பயமில்லைங்க." அவள் ரோட்டைப் பார்த்தாள். "ஒவ்வொரு வாய்தாவுக்கும் நமக்குள்ள ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். முதல்ல எல்லாம் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன். அப்புறம் அழுகை நின்னுபோச்சு. இப்போ தேடிப் பாக்கறேன், எனக்குள்ள நிஜமாவே ஒண்ணுமில்ல. உங்க மேல கோவம் இருந்தாக்கூடப் பரவாயில்லை. அதுவும் இல்லையே."

"நான் காத்திருக்கேன்மா."

"வேணாம். இத்தனை வருஷம் காத்திருந்தது போதாதா?"

உள்ளே முதலாளி கூப்பிட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரோ வாடிக்கையாளரிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எப்படா கூட்டிட்டு வர்ற?"

"அவ நல்லா இருக்கா அக்கா" என்றபடி படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைப் பிடித்தான். முடிச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா கீழே குந்தி, தம்பியின் காலை மடியில் தூக்கி வைத்து, அவளே அவிழ்க்க ஆரம்பித்தாள்.