இடப்பக்கக் கதவு

"வாளிக்குள்ள விழ மாட்டேன்னா மாட்டேன்!"

"அப்ப வேஷமும் கிடையாது!"

நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துக் கடலோரம் எங்கள் மோர்கம் நகரத்து டிசம்பர் மழையில் எவள் துணி காயப்போடுவாள் என்று கேட்காதீர்கள். அடுத்த வீடு திருமதி எண்ட்விசிலுடையது. நாடகக்காரர்களுக்கு அறை விடுபவள். அவள் சமையலறை ஜன்னல் சரியாக மூடாது. அதற்கு நான் என்ன செய்ய?

கத்தியவர்களில் ஒருவன் செட்ரிக் ஓல்ராய்டு. சாப்பாட்டு மேசை அவன் கழுத்துக்கு வரும். இருபது வருஷம் நடிகன்; கரடி, பெங்குவின், ஒருமுறை தேநீர்க் கெண்டி. அவன் முகத்தைப் பார்த்த ரசிகர் ஒருவரும் கிடையாது. மற்றவர் கம்பெனி முதலாளி ஃபிஷ்விக். கிறிஸ்துமஸ் நாடகத்தில் கொடிய ஜமீன்தாராக நடிக்கவிருந்த நெட்டையன் குடித்துவிட்டுக் காலை முறித்துக்கொண்டான். வசனம் முழுக்கத் தெரிந்தவன் செட்ரிக் ஒருவன்தான். அன்று மதியமே முதல் ஆட்டம்.

"நீ வலப்பக்கமா வா, வாளியில இடறி விழு, சனம் சிரிக்கும். அவ்வளவுதான்."

"வலப்பக்கம் தேவதை வர்ற பக்கம் சார். வில்லன் இடப்பக்கந்தான் வருவான். கைக்குழந்தைக்கும் தெரியும்."

"உன்னைப் பார்த்து எவன்யா பயப்படுவான்?"

"ரெண்டு பேரும் முட்டையைச் சாப்பிடுங்க கண்ணுங்களா, ஆறுது," என்றாள் எண்ட்விசில்.

"விழறேன்," என்றான் செட்ரிக் கடைசியில். அந்தக் குரலை நான் நம்பவில்லை.

மதியம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வில்லனுக்குக் கைதட்டினால் அவமானம், ஊளையிட்டால்தான் மரியாதை. சிரித்துவிட்டார்களோ, செட்ரிக் மறுபடி கரடித் தோலுக்குள்தான். வலப்பக்கத் திரை ஓரத்தில் ஃபிஷ்விக்கின் வழுக்கை தெரிந்தது, வாளியும் தெரிந்தது.

முரசு அதிர்ந்தது. வலப்பக்கம் யாரும் வரவில்லை.

இடப்பக்கக் கதவு திறந்தது. திறந்துவிட்டவள் கம்பெனிக்கு உடுப்பு தைக்கும் டோரின் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெட்டையனின் கறுப்பு அங்கியை அவள் காலையிலேயே வெட்டித் தைத்திருந்தாள். செட்ரிக் மெதுவாக நடந்து வந்து நடுமேடையில் நின்றான்.

எனக்குப் பின்னால் ஒரு தடியன் களுக்கென்று சிரித்தான். இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். போச்சு என்று நினைத்தேன். ஃபிஷ்விக் வாளியைக் காலால் மேடைக்குள் தள்ளினார்.

செட்ரிக் வாளியைப் பார்க்கவேயில்லை. அந்தத் தடியனையே பார்த்தான். சிரிப்பு அடங்கும்வரை பார்த்தான். பிறகு வாளியை மெல்லக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு காலை வைத்தான்.

"யாருய்யா அது சிரிச்சது? நீயா? வீட்டைக் காலி பண்ணு. இன்னைக்கே. பண்டிகை முடியட்டும்னு கெஞ்சுற வேலையெல்லாம் வேணாம்."

எங்கோ ஒரு சிறுமி, "ஊ!" என்றாள். அடுத்த நொடி அரங்கமே ஊளையிட்டது. நானும்தான், மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் கண் கலங்கியது என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்ட்விசில். அது மைப்பூச்சு என்பது என் கட்சி.

ஈஸ்டருக்குள் டோரின் அவனைக் கட்டிக்கொண்டு பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். அங்கே அவன் பெயரை வில்லன் என்றே சுவரொட்டியில் போடுகிறார்களாம். ஃபிஷ்விக் எண்ட்விசிலைக் கட்டிக்கொண்டு சவுத்போர்ட் போனார். அடுத்த வீட்டுக்கு இப்போது ஒரு பல்டாக்டர் குடிவந்திருக்கிறார். வந்ததும் ஜன்னலைச் சரிசெய்துவிட்டார், பாவி.