போணிக்கு வந்தவன்

ஆரணியில் பேரம் பேசாதவர்கள் இரண்டே பேர்தான்: மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை, போலீஸ்காரர். மாப்பிள்ளைக்கு வெட்கம். போலீஸ்காரருக்கு அவசியமில்லை. பட்டுத் தரகர் மகளான கற்பகத்துக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் ஏமாந்தாள்.

அவளுடைய மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் பீகார் ஆட்கள். சப்பாத்தி போட்டுப் போட்டே இந்தி கற்றுக்கொண்டவள். அவர்களுக்கு அவள் 'பாபி', அதாவது அண்ணி.

ஒரு மத்தியானம் எஸ்.ஐ. எழிலரசன் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, வெளிமாநிலத்து ஆளுங்க புகார் குடுக்கன்னே ஸ்டேஷன்ல தனியா டேபிள் போட்டுக்கிறோம். ரிப்பன்லாம் வெட்டியாச்சு. ஒருத்தன் எட்டிப் பாக்கல. மேல இருந்து கேட்டுகினே இருக்காங்க, ஒரே பேஜார். நீங்கதான் போணி பண்ணி வெக்கணும்."

போணி என்றதும் கற்பகம் விழுந்துவிட்டாள். காலையில் முதலில் கடையேறுகிறவனை எந்த வியாபாரியும் முகம் சுண்ட விடமாட்டான். நஷ்டமானாலும் கேட்ட விலைக்குக் கொடுத்து, சிரிக்க வைத்துத்தான் அனுப்புவான். அவள் அப்பா தம் பரம எதிரிக்கே அப்படி ஒரு புடவையை விட்டுக்கொடுத்திருக்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த வாரம்தான் அவள் மெஸ்ஸில் சாப்பிடும் ராம்பிரவேஷை உள்ளூர்க் குடிகாரர்கள் இரண்டு பேர் வழிமறித்து அடித்து, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"வேண்டாம் பாபி," என்றான் அவன் இந்தியில். "போலீஸ் கண்ணில் படாத வரைக்கும்தான் நாங்கள் நல்லவர்கள்."

"அட பைத்தியம், நீ முதல் ஆள். போணிக்காரனை யாராவது அழ வைப்பார்களா?" என்று அவளும் இந்தியிலேயே அதட்டி அழைத்துப்போனாள்.

நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. எஸ்.ஐ. அவன் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அறை எங்கே, மேஸ்திரி யார் என்று கேட்டதற்கெல்லாம் கற்பகமே பதில் சொன்னாள். போன் மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பட்டு முதலாளியின் கடையில் ஜரிகைப் பெட்டிகள் காணாமல் போயின. பட்டப்பகலில், மில் வாசலில், அத்தனை பேர் பார்க்க ராம்பிரவேஷை ஜீப்பில் ஏற்றினார்கள்.

கற்பகம் அடுப்பைக்கூட அணைக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"என்னா சார் இது அநியாயம்? புகார் குடுக்க வந்தவனாச்சே!"

"அதான்க்கா விஷயமே. முதலாளி வடக்கத்தி ஆளுங்கதான்னு கத்திகினு கீறாரு. ஜல்தியா யாரையாவது இட்டாந்தாவணும். மத்தவன்லாம் எங்க தங்கறான், யாருகிட்ட வேல செய்றான், எங்களுக்கு இன்னா தெரியும்? இவன் ஒருத்தன் வெவரம்தான் இங்க கீது."

"அது நான் குடுத்த வெவரம் சார்."

"அதுக்குத்தான் ஒங்களுக்கு டீ சொல்லிக்கிறேன்," என்றார் எஸ்.ஐ., சிரித்துக்கொண்டே.

டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பெட்டிகளை எடுத்தது முதலாளியின் சொந்த மச்சான். அவனுக்கு ஜீப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். ராம்பிரவேஷை விட்டுவிட்டார்கள். ஒரு காது மந்தமாகித் திரும்பி வந்தான். மெஸ் வாசலில் நின்றானே தவிர உள்ளே வரவில்லை.

"என்னை என்ன விலைக்கு விற்றாய், பாபி?"

பிறந்ததிலிருந்து விலை பேசும் வீட்டில் வளர்ந்தவள். மனசுக்குள் கணக்குப் போட்டாள்: ஒரு டீ. அன்றைக்கே அவன் ரயிலேறினான்.

மறுமாதம் எஸ்.ஐ. மறுபடி வந்தார். மூலையில் பிர்ஜு என்ற பையன் சப்பாத்தி மென்றுகொண்டிருந்தான். உதடு கிழிந்து, கன்னம் வீங்கியிருந்தது.

"இவனை யாருக்கா அட்ச்சது? தைரியமா வந்து புகார் குடுக்கச் சொல்லுங்க. டேபிள் காலியாதான் கீது."

பந்தி முழுவதும் கை நின்றது. எல்லாக் கண்ணும் கற்பகத்தின் மேல்.

"யாரும் அடிக்கல சார்," என்றாள் பருப்பை ஊற்றிக்கொண்டே. "மில்லுல மூட்ட சரிஞ்சி மேல வுழுந்துட்ச்சாம்."

சற்று முன்பு பிர்ஜு அவள் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் சொன்ன பொய்தான் அது. வாங்கிய விலைக்கே எஸ்.ஐ.யிடம் கைமாற்றிவிட்டாள்.