மருந்து கொடுத்தீங்களா?

வெப்பமானி முப்பத்தாறு புள்ளி எட்டு என்றது. அப்படியென்றால் காய்ச்சலே இல்லை.

"வீட்டுல கொதிச்சுக் கிடந்தா, சிஸ்டர்" என்றாள் மோயோவின் அம்மா.

நர்ஸ் கிகே உதட்டைச் சுழித்தாள். இபாதான் நகரில் இந்த அரிவாள் செல் நோய் ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு வருடமாகக் காய்ச்சல் பார்க்கிறவள் அவள். ரத்தம் குறைந்துகொண்டே போகும் இந்த நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரத்தத்தில் கிருமி இருக்கலாம். ஒரே பகலில் ஆளை முடித்துவிடும். ஆகவே காய்ச்சலுக்கு உடனே ரத்தப் பரிசோதனை, ஊசி. மற்றவர்களுக்கு நீள பெஞ்சு, மதியம்வரை. பெஞ்சைத் தாண்ட 'வீட்டில் கொதித்தது' என்று சொல்லாத தாய் உண்டா?

ஆனாலும் மூன்று வயது மோயோ தோளில் துவண்டு கிடந்தாள். பின்கழுத்தெல்லாம் வியர்வை.

"மருந்து ஏதும் குடுத்தீங்களா, மோயோ அம்மா?"

அவள் முகம் கறுத்தது. அவர்கள் பேசும் யொரூபா மொழியில் டாக்டர் தரும் மருந்துக்கும் மந்திரவாதி தரும் மருந்துக்கும் ஒரே சொல்தான். அவளோ சர்ச்சில் பாடுகிறவள். "என்னப் பாத்தா மருந்து வைக்கிறவ மாதிரியா இருக்கு? அந்தச் சனியன் எங்க வீட்டு வாசப்படி ஏறாது."

பொய்க்காரி என்று முடிவுகட்டி, கிகே வெப்பமானி காட்டிய எண்ணை மோயோவின் அட்டையில் எழுதிப் பெஞ்சைக் காட்டினாள். அப்போது மோயோ ஏப்பம் விட்டாள். ஸ்ட்ராபெரி வாசனை.

"பாரசிட்டமால் சிரப்பா?"

"ஆமா. விடியக்கால ஒண்ணு, பஸ்ஸுல ஒண்ணு. அதப் போயி மருந்துன்னு யாரு சொல்லுவா?"

அந்தச் சிரப்தான் காய்ச்சலை அமுக்கி வைத்திருக்கிறது என்று கிகேக்கு உறைத்தது. அட்டையில் எழுதியதை அடித்துவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ரத்தம் எடுக்கும் புட்டியைக் கண்டதும் இப்போது தாய்க்குச் சந்தேகம். "ரத்தமில்லாத பிள்ளகிட்ட உறிஞ்சி யாருக்கு விக்கிறீங்க?"

"கூடவே வந்து பாருங்க."

சொன்னபடியே வந்தாள். ஊசி போட்டு முடிந்ததும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, புட்டியின் பின்னாலேயே பரிசோதனைக்கூடம்வரை நடந்தாள். ஒட்டிய பெயரை இரண்டுதரம் படித்த பிறகே விட்டாள்.

மறுநாள் புட்டியில் கிருமி வளர்ந்திருந்தது. மோயோ நாலு வாய் சோளக்கஞ்சி குடித்திருந்தாள். கிகே கட்டிலருகே வந்து விஷயத்தைச் சொன்னாள். ஊசி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னாள்.

"அது மோயோ ரத்தந்தானா? புட்டிய யாரும் மாத்தியிருப்பாங்களோ?"

"புட்டி பின்னாலேயே போனது நீங்கதானே, மோயோ அம்மா?"

தாய் பிள்ளையின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கட்டிலில் கிடந்த அட்டையில், அடித்த எண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கிகே அதைக் கவிழ்த்து வைத்தாள்.