கதவு சாத்துகிறவர்

"எல்லாரும் போன பிறகு கதவை யாரும்மா சாத்துவாங்க?"

ஆறு வயதில் மகள் கேட்டாள். பேருந்து ஓட்டும் தாய் அப்போது சிரித்துவிட்டாள்.

உடலைக் கழற்றி வைத்துவிட்டு ஒளியாய்க் கரையேற மனிதர்கள் பல தலைமுறைகளாக வழி தேடி, கடைசியில் ஊருக்கொரு கூடமும் கட்டியிருந்தார்கள். ஒளிக்குக் கை எதற்கென்று கதவின் உள்பக்கம் பிடியே வைக்கவில்லை. உள்ளே நிற்கும் ஊரை வெளியிலிருந்து அடுத்த ஊர்க்காரர்கள் சாத்தி அனுப்புவது வழக்கம். கதவு சாத்தினால் உள்ளிருப்பவர் ஒளியாவார். இவர்களுடையது கடைசி ஊர். அடுத்த ஊர் என்று ஒன்று இல்லை.

"உலகத்தையே கரையேத்தினவங்க தாழ்ப்பாளை மறந்துட்டாங்க" என்று சிரித்தபடி, வெளியே தங்கிக் கதவு சாத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார் பக்கத்து வீட்டு மெக்கானிக். அவர் மனைவி சிரிக்கவில்லை.

முன்பொரு வெள்ளத்தில், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் தூக்கி, கழுத்தளவு தண்ணீரில் நடந்து மருத்துவமனை சேர்த்தவர் அந்த மெக்கானிக்தான். தாய் நன்றி சொல்லப் போனால், "குழந்தை கனமே இல்லம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஊர் கரையேறும் அந்தக் காலையில் வரிசை மெல்ல உள்ளே நகர்ந்தது. வாசலில் மகள் நின்றாள். இப்போது அவள் தாயைவிட உயரம்.

"நீ வரலல்ல?"

தாய் பொய் சொல்லவில்லை. "ஒரு வேலை பாக்கி இருக்குடி."

"மெக்கானிக் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா? வாயைத் திறக்காத."

மகள் தன் போர்வையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினாள். "சாயங்காலம் குளிரும்" என்றாள். உள்ளே போனாள்.

வரிசை தீர்ந்தது. மெக்கானிக் வெளியே பிடியருகே நின்றார்.

"அண்ணே, உள்ளே அண்ணி வாசலையே பாத்துட்டு நிக்கிறாங்க. போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. பிடியை நான் பாத்துக்கறேன்."

"கையை வெச்சிடாதம்மா. எண்ணெய் விட்டிருக்கேன், தொட்டாலே இறங்கிக் கதவு சாத்திக்கும்."

"பஸ் ஓட்டறவளுக்கே பாடமா? போங்கண்ணே."

அவர் போனார். கூட்டத்துக்குள் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் வாசலுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

தெருவில் ஒருவரும் இல்லை. கடவுள் கதவுக்கு இந்தப் பக்கமும் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, பிடியை இறக்கினாள்.

கனமே இல்லை.