எட்டுப் பேருக்குப் போட்ட மேசை

இருபத்திரண்டு வருடமாக ஒரு விருந்து மண்டபத்தில் மேசை போடுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது மேசை, கல்யாண மாதங்களில் அறுபது. தட்டு மேசை விளிம்பிலிருந்து கட்டைவிரல் அகலம் உள்ளே இருக்க வேண்டும். தண்ணீர் டம்ளர் கத்தி முனைக்கு நேராக நிற்க வேண்டும். பூ, உட்கார்ந்திருப்பவரின் தாடையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதனாலேயே வீட்டில் அந்த வம்பை வைத்துக்கொள்வதில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து என் மனைவி வருவாள், மண்டபத்திலிருந்து நான் வருவேன், கைக்கு அகப்பட்ட தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுப்போம்.

என் மனைவியின் அக்காவுக்கு இது கேவலமாகப் படும். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கேயோ எதையோ பார்த்துவிட்டு, சாதாரணச் சாப்பாட்டையும் அழகான மேசையில்தான் சாப்பிட வேண்டும் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் இறங்கியதில்லை. காலையில் இரண்டு துண்டு ரொட்டிக்கு மூன்று தட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. பக்கத்தில் ஒரு இலைக் கொத்து. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டு, கீழே "எளிமையே அழகு" என்று எழுதுவார். ரொட்டி விறைத்துப் போயிருக்கும். அதைக் கடிக்கப் போகிறவர் என் சகலை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், பரம சாது. ஒரு தடவை கை துடைக்கும் துணியைப் பறவை மாதிரி மடித்து அவர் தட்டில் நிற்க வைத்திருந்தார் அண்ணி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனிதர் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மடியில் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் சாப்பிட்டு முடித்தார்.

இவர்களுக்கு ஒரே மகள். அச்சகத்தில் வேலை. அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள். வருடக் கடைசி விடுமுறையில் வரும் ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணி எனக்கு மண்டபத்துக்கே போன் செய்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க அண்ணி."

"ஞாயித்துக்கிழமை அவங்கள்லாம் வராங்க. பெருசா ஒண்ணுமில்ல, எளிமையா, நம்ம குடும்பம் மட்டும்தான். நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க."

"மேசை போடணுமா?"

"மேசையெல்லாம் நானே போட்டுடுவேன். நீங்க பரிமாறினா போதும். அந்தக் கையில்லாத கருப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, அதோட வந்தீங்கன்னா மேசைக்கே ஒரு எடுப்பா இருக்கும்."

மேசைக்கு எடுப்பாக இருக்க என்னைக் கூப்பிடுகிறார். மெழுகுவர்த்தி, இலைக் கொத்து, அப்புறம் நான். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கூத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து தெரியும், அவள் விஷயத்தில் ஒன்றும் சொதப்பக் கூடாது என்பதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் முதலாவதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

"நாளைக்கு லீவுதானே உங்களுக்கு?"

"அக்கா வீட்டுக்குத்தான். போட்டுட்டு வரச் சொன்னாங்க."

கோட்டு நுனியைப் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு அங்க நாற்காலி உண்டா?"

"உனக்கு உண்டுன்னுதான் நெனைக்கிறேன்."

"சரி. நீங்க போய் நில்லுங்க. நானும் வந்து உக்காந்து பாக்குறேன்," என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்கிறவர்களிடம் பேசுகிற குரல்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வெளியே நல்ல வெயில், உள்ளே திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார் அண்ணி. அதுவும் வாசனை மெழுகுவர்த்தி. கோழி வறுக்கிற வாசனையும் அதுவும் கலந்து, யாரோ கோழியை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியதுபோல் ஒரு நெடி. மேசை நடுவில் காய்ந்த மரக்கிளைகள், தங்க வண்ணம் பூசி, என் நெற்றி உயரத்துக்கு. சூப்புக்கும் கோழிக்கும் தட்டு மூன்று அடுக்கு. கத்தியின் வெட்டுப் பக்கம் வெளியே பார்த்திருந்தது. மண்டபத்தில் புதிதாகச் சேர்ந்தவன் அப்படி வைத்தால் அன்று முழுக்க அவனைப் பாத்திரம் கழுவ விட்டுவிடுவோம். ஒவ்வொரு தட்டின் மேலும் பெயர் எழுதிய சீட்டு. எண்ணிப் பார்த்தேன். அண்ணி, சகலை, பெண், பையன், பையனுடைய அப்பா, அம்மா, தங்கை, என் மனைவி. எட்டுச் சீட்டு, எட்டு நாற்காலி.

"மொத்தம் எட்டா அண்ணி?"

"இந்த செட்டு எட்டுப் பேருக்குத்தான் வருது தம்பி. கலந்து போட்டா நல்லா இருக்காது."

சமையலறைக்குள் போனேன். சகலை அலமாரிப் பக்கம் திரும்பி நின்று ரொட்டியை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நீயும் இப்பவே எதாவது சாப்டுடு சகலை. அங்க வாயில வைக்கிறதுக்குள்ள மூணு மணி ஆயிடும்," என்றார். என் கோட்டைப் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமல் இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள். பையனுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. அம்மா பள்ளிக்கூடச் சமையல்காரி, முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவர். ஒடுக்கு விழுந்த ஒரு அலுமினியத் தட்டில் கேக் செய்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. அண்ணி அதை இரண்டு விரலால் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் உள்ள வச்சிடுங்க."

'தம்பி' என்ற அழைப்பு போய்விட்டது. வெறும் "வச்சிடுங்க". சரி, அது அண்ணியின் குணம், எனக்குப் புதிதில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்தப் பெண். தெருமுனையில் பார்த்தாலே "சித்தப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறவள். அன்றைக்கு என் கையுறையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பேசாமல் தாண்டிப் போனாள். அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசியாக வந்த என் மனைவி தன் பெயர்ச்சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் சூப் ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊற்றி முடித்ததும் அண்ணி எழுந்து, "யாரும் தொடாதீங்க, ஒரே ஒரு படம்," என்றார். ஒரே ஒரு படம் இருபது நிமிடம் நடந்தது. நாற்காலி மேல் ஏறி ஒன்று, குனிந்து ஒன்று, எல்லாரையும் மேசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி மூன்று. சூப் மேல் ஆடை படிந்தது. பையனுடைய தங்கை கொட்டாவியை உதட்டுக்குள் மென்றாள்.

திரும்ப உட்கார்ந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் எதிரே இருந்த சகலையிடம் பேசப் பார்த்தார். நடுவில் கிளை. இடது பக்கம் சாய்ந்தார், சகலை வலது பக்கம் சாய்ந்தார். இவர் வலது பக்கம் வந்தார், அவர் இடது பக்கம் போனார்.

"வீட்டுச் சாப்பாடு எளிமையா இருக்கணும், ஆனா அதுல ஒரு ரசனை வேணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்," என்று அண்ணி பேசிக்கொண்டே போனார்.

கிரேன் ஓட்டுகிறவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "அவர் அப்புறம் சாப்பிடுவார். மண்டபத்துல வேலை செய்றவர், பழக்கம்தான்," என்றார். பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். தலையைத் திருப்பி, வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், "என்னங்க, கொஞ்சம் உப்பு எடுத்துட்டு வாங்க," என்றாள்.

நான் உப்பைக் கொண்டுவந்து வைத்தேன். பையனுடைய அம்மா முதலில் என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"'என்னங்க'ன்னா கூப்பிட்டீங்க?"

"ஆமா. எங்க வீட்டுக்காரர்," என்றாள் என் மனைவி. "பொண்ணுக்குச் சித்தப்பா."

"அப்ப ஏன் நிக்கிறாரு?"

அண்ணியின் கழுத்து சிவந்தது. "அவருக்குத் தொழிலே அதுதாங்க. உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டார்."

"எனக்கும் தொழில் கிரேன் ஓட்டுறதுதான்," என்றார் பையனுடைய அப்பா. "அதுக்காக நான் இங்க யாரையும் தூக்கலையே."

சொல்லிவிட்டு எழுந்தார். அந்தத் தங்கக் கிளையைச் சாடியோடு தூக்கி ஓரத்தில் தரையில் வைத்தார். இவ்வளவு நேரமும் மறைந்திருந்த சகலையின் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய்ச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து என் மனைவி பக்கத்தில் போட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் அவர் இடம் மாற்றி வைத்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"தட்டு எட்டுதான் இருக்கு," என்றார் அண்ணி மெதுவாக.

பையனுடைய அம்மா தன் சூப் கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். "இங்கயே ரெண்டு சும்மா கிடக்குதே," என்று ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். "சூப்பெல்லாம் பச்சைத் தண்ணியா இருக்கு. குடுங்க, சுட வச்சுக் கொண்டாரேன்."

கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையனுடைய அம்மா சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்தார், கூடவே அலுமினியத் தட்டோடு தன் கேக்கையும் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தார். எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தி, "சித்தப்பா," என்றாள். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். தாராள மனசு என்றெல்லாம் எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை.

கிளம்பும்போது வாசலில் அண்ணி தன் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் மேசையைக் கெடுத்துட்டியே."

"சுட வச்ச சூப் நல்லா இருந்துச்சுக்கா," என்றாள் என் மனைவி.

அன்று சாயங்காலமே குழுவில் படம் வந்தது. கிளை, மெழுகுவர்த்தி, மூன்றடுக்குத் தட்டு. "எளிய குடும்ப விருந்து" என்று தலைப்பு. குடும்பத்தில் ஒரு ஆள்கூட அதில் இல்லை. சொந்தக்காரர்கள் பதினேழு பேர் அருமை என்று எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் மண்டபத்தின் பின்வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள்.

"நீங்களாவே கேட்டுதான் பரிமாற வரீங்கன்னு அம்மா சொன்னாங்க சித்தப்பா."

"நீ நம்புனியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"வெக்கமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

"ஆமா," என்றாள். அழுதுவிடுவாள்போல் இருந்தது, அழவில்லை. "அன்னிக்கு உங்களப் பாத்து. இப்ப என்னையே நெனச்சு."

பூசி மெழுகியிருந்தால் வந்த வழியே அனுப்பியிருப்பேன். ஆமா என்று சொன்னாளே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இருந்தாலும் மூன்று வாரம் முறைப்பாகத்தான் இருந்தேன். பிறகு அவளே வந்து, கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்றாள். போட்டேன்.

பதிவு முடிந்ததும் கிரேன் ஓட்டுகிறவர் எல்லாரையும் துறைமுகத்துப் பக்கம் தனக்குப் பழக்கமான ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். ஆடுகிற மேசை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈ. பொரித்த மீனை ஒரே பெரிய தட்டில் குவித்துக் கொண்டுவந்து தொப்பென்று வைத்தார்கள். அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தார். படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. எல்லாரும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தபின் அவரும் ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. அவர் சூடாக ஒன்றைச் சாப்பிட்டு நான் அன்றுதான் பார்த்தேன். முள்ளைச் சப்பி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். நன்றாக இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை.