உறை போட்ட வீடு

"விருந்தறைச் சாவியைக் கொடுங்க, ஆயி."

கேட்டே விட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் என் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே அம்மா சொல்லியிருந்தாள்: "பசிச்சா ரொட்டி கேளு. கிழிஞ்சா துணி கேளு. பல்லு விழுந்தா தங்கப்பல்லு கூடக் கேளு. சாவி மட்டும் கேக்காத. மாமியார்கிட்ட சாவி கேக்கறதும், எப்பக் கண்ண மூடுவீங்கன்னு கேக்கறதும் ஒண்ணுதான்."

என் மாமியார் ராணோகான் எங்கள் வீட்டு முற்றத்து மரக்கட்டிலில் உட்கார்ந்து தட்டுகளில் உலர்திராட்சையும் கற்கண்டும் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. கீழே முலாம்பழம் அறுத்துக்கொண்டிருந்த என் கணவன் ஹிக்மத்தின் கத்தியும் நின்றது.

"இன்னிக்கித் திறக்கத்தானே போறேன், கண்ணு. பன்னெண்டு மணிக்கு நாப்பது பொம்பளைங்க வராங்க. அப்ப நீயும் உள்ள வந்து பாரு."

"திறக்கச் சொல்லல, ஆயி. சாவிய என் கையில கொடுங்கன்னு கேட்டேன்."

பக்கத்து வீட்டு கரோமத் பெரியம்மா உதவிக்கு என்று வந்திருந்தவர். உதவி செய்ததாக ஞாபகம் இல்லை. வாதுமைப் பருப்பை உடைத்து உடைத்துத் தானே தின்றுகொண்டிருந்தார். இப்போது தின்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

"அட அல்லாவே! வந்து நாலு மாசத்துல சாவியா? எங்க மாமியா மௌத்தான அன்னிக்கித்தான் எனக்கு சாவி வந்துச்சு. அதுவும் அவங்க இடுப்புலேருந்து நானே அவுத்தேன். அப்ப எனக்கு அம்பத்திரெண்டு வயசு."

"எனக்கு இருபத்திமூணு, பெரியம்மா. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. நாலு மணிக்குள்ள வேணும்."

எங்கள் குவா ஊரில் வழக்கம் இதுதான்: வீடு மாப்பிள்ளை வீட்டார் கட்டித் தர வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் பெண் வீட்டார் வாங்கி வைக்க வேண்டும். பருத்திக் காடாகக் கிடந்த இடத்தில் போட்ட புதுத் தெருவில் மாமனார் மூன்று அறை வைத்து எங்களுக்கு வீடு கட்டினார். செங்கல் சூளையில் வேலை செய்யும் என் அப்பா அந்த மூன்று அறையையும் நிரப்பினார். ஆனால் அந்த மூன்றில் ஒன்றிலும் நாங்கள் இருக்கவில்லை.

முதல் அறை விருந்தறை. வீட்டிலேயே பெரியது. தொங்கு விளக்கு, கண்ணாடி அலமாரி, சோபா, ஏசி எல்லாம் அதற்குள்தான். பூட்டியே இருக்கும், சாவி இரண்டு தெரு தள்ளி மாமியார் இடுப்பில் இருக்கும். இரண்டாவது படுக்கையறை. ஊர்ப் பெண்கள் வந்து சீர்வரிசையைப் பார்த்து முடிக்கும்வரை கட்டில் விரிப்பு கசங்கக் கூடாது. மூன்றாவதில் கூரை முட்ட மெத்தைகள். ஆக, ஹிக்மத்தும் நானும் குடித்தனம் நடத்தியது இந்த மூன்று கதவுகளும் திறக்கும் நடையில். நாற்பது டிகிரி வெயிலில், ஏசி இருக்கும் அறையின் பூட்டிய கதவுக்கு வெளியே, அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தோம்.

மாமியார் தினமும் காலை ஆறு மணிக்கு வருவார். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறேனா என்று பார்ப்பார். உப்பு ஜாடியை இடம் மாற்றி வைப்பார். பிறகு விருந்தறையைத் திறந்து, தூசி தட்டி, பூட்டிக்கொண்டு போவார். சோபாவுக்கு பாலித்தீன் உறை, மேசைக்கு பாலித்தீன் உறை, ஏசி ரிமோட்டைப் பையில் போட்டு ரப்பர் பேண்ட். ஒருமுறை கேட்டேன், "இதெல்லாம் எப்ப ஆயி பிரிப்போம்?" என்று. "உன் மவன் கல்யாணத்துக்கு" என்றார். எனக்கு இன்னும் மகனே பிறக்கவில்லை.

எனக்கென்று மேசை கிடையாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்தான் நோட்டை வைத்து எழுதுவேன். ஹிக்மத் அதைப் பார்த்துச் சிரிப்பான். "அது சுத்தும்போது எழுது மன்ஸூரா, கையெழுத்து தானா வளையும்."

எழுதியது வீட்டுக் கணக்கு அல்ல, பாடக் குறிப்பு. எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்தேன். எல்லாருக்கும் நீல அட்டை போட்ட சான்றிதழ் கொடுப்பார்கள். எல்லாத் தேர்விலும் முதல் தரம் வாங்கியவர்களுக்கு மட்டும் சிவப்பு அட்டை. என்னுடையது சிவப்பு. பெண் பார்க்க வந்தபோதே மாமியார் அதைக் கையில் வாங்கி முத்தமிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு விருந்தறை அலமாரியில், தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே, கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "எங்க கெலின் சிவப்பு அட்டை" என்பார். அந்தக் கெலின் என்ற மருமகள் அப்போது குனிந்து சலாம் வைத்து, தேநீர்த் தட்டை ஏந்தி நிற்பாள்.

மூன்று வாரத்துக்கு முன், பின் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை முகர்ரம் என்னைத் தேடி வந்தார். இயற்பியல் ஆசிரியர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டாராம். "செப்டம்பர்ல வந்து சேரு. மூலச் சான்றிதழ மட்டும் கொண்டு வா" என்றார். அன்றே ஹிக்மத்திடம் சொன்னேன். "ஆயிகிட்ட நான் பேசறேன்" என்றான். மறுநாள் கேட்டேன். "ஆயிக்குத் தலைவலி." அடுத்த நாள், "தக்காளி புட்டியில அடைக்கிற நேரம், இப்பப் போய் எப்படி." பிறகு, "நாளைக்கு." கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் முதல் வாரமே சண்டை போட்டு முடித்திருப்பேன். இவனிடம் சண்டையும் போட முடியாது. தலையணையைக் குத்துவது போல, குத்தக் குத்த உள்ளே போவான்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்று நாலு மணிக்கு ஆசிரியர் பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது. இன்றேதான் மாமியார் வீடு பார்க்க ஊர்ப் பெண்களையும் அழைத்திருந்தார்.

"சான்றிதழுக்காகத்தான் கேக்கறேன், ஆயி. பள்ளிக்கூடத்துல வேலை. உங்க மவன் சொல்லியிருப்பாரே."

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் முலாம்பழத்தைப் பார்த்தான்.

"வேலையா? என்ன வேலை? நீ எதுவும் சொல்லலியே, ஹிக்மத்?"

"சொல்லலாம்னுதான், ஆயி... நேரம் வரட்டும்னு..."

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, கரோமத் பெரியம்மா காலித் தேநீர்க் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். எனக்கிருந்த ஆத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று அர்த்தம்.

"பாத்தியா ராணோ! என்னைப் போகச் சொல்றா ஒன் கெலின்! படிச்ச புள்ளைங்க வாயால சொல்லாது, கெட்டில்லதான் சொல்லும்."

மாமியார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து என் கையைப் பிடித்தார். "வா. சாவி எதுக்கு? நானே எடுத்துத் தரேன். உனக்கு ஒண்ணு வேற வச்சிருக்கேன். எல்லாரும் வந்தப்புறம் காட்டலாம்னு இருந்தேன். பரவால்ல, நீயே முதல்ல பாத்துக்க."

கதவைத் திறந்தார். உள்ளே புழுக்கமும் புது பெயிண்ட் வாடையும். நேரே அலமாரிக்குப் போனேன். சிவப்பு அட்டை அதே இடத்தில் நின்றிருந்தது. எடுத்துத் திறந்தேன்.

உள்ளே எதுவும் இல்லை.

"அங்க இல்ல, இங்க பாரு" என்றார் மாமியார், சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டி.

தொங்கு விளக்குக்கு நேர் எதிர்ச் சுவரில், அரை ஆள் உயரத்துக்கு ஒரு தங்கச் சட்டம். சட்டத்துக்குள் என் சான்றிதழ். விளக்கைப் போட்டதும் பளபளவென்று மின்னியது.

"லேமினேட் பண்ணிட்டேன்! கடைக்காரன் அட்டைலேருந்து பிளேடால அழகா வெட்டி எடுத்தான். இனிமே தூசி படாது, ஈரம் படாது, பூச்சி அரிக்காது. நூறு வருஷம் இருக்கும். உம் பேத்தி கூடப் பாப்பா."

சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின் அட்டையைக் கழற்றினேன். காகிதத்தின் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது ஒட்டியதுதான். பல்கலைக்கழக ரெக்டரின் கையெழுத்து, முத்திரை, என் பெயர் எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள்.

அங்கேயே நின்று முகர்ரத்துக்குப் போன் செய்தேன். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"யார்டி இந்த வேலையப் பண்ணினது? லேமினேட் பண்ணினத மாவட்டத்துல கையாலயே தொட மாட்டாங்க. முத்திரையத் தடவிப் பாக்க முடியாதுல்ல, போலின்னுடுவாங்க. ஒண்ணு பண்ணு. பெர்கானா போ. பல்கலைக்கழகத்துல முத்திரை போட்டு, இவ இங்கதான் படிச்சான்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு நாலு மணிக்குள்ள வா. வந்தா உன் பேரை எழுதறேன். இல்லேன்னா இயற்பியலையும் அந்த உடற்பயிற்சி வாத்தியார் தலையிலயே கட்டிடுவாங்க."

மணி பதினொன்று பத்து. பெர்கானா போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

"ஆயி, நான் பெர்கானா போகணும். இப்பவே."

"இப்பவா? இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்களே! கெலின் இல்லாம யாரைப் பாப்பாங்க?"

"வீட்டைத்தானே பாக்க வராங்க."

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" அவர் குரல் உடைந்தது. "அழுக்காகக் கூடாதுன்னுதானே பண்ணினேன். உங்க அம்மா வீட்டுல அதை மாவு டின்னுக்கு மேல வச்சிருந்தாங்க. நான் தங்கத்துல சட்டம் போட்டேன்."

அதுதான் என்னை இன்னும் எரித்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை என் அம்மாவைவிட, ஏன், என்னைவிட அவர்தான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார். அம்மா வீட்டில் மாவு டின்மேல் கிடந்தபோது அது எனக்கு உதவக் காத்திருந்த காகிதம். இங்கே அது சோபா மாதிரி ஆகிவிட்டது. உட்காரக் கூடாது, தொடக் கூடாது, வருகிறவர்களுக்குக் காட்டலாம். நானும் நாலு மாதத்தில் அப்படித்தான் ஆகியிருந்தேன். எனக்குத்தான் உறை இன்னும் முழுசாக ஒட்டவில்லை.

"தப்புன்னு சொல்லல, ஆயி. என்னைக் கேட்டிருக்கலாம்."

ஹிக்மத் வாசலில் வந்து நின்றான். கையில் முலாம்பழச் சாறு வழிந்தது. "ஒரு நாள்தானே, மன்ஸூரா. இன்னிக்கி ஒரு நாள் இருந்துடு. தொழுகை முடிச்சு வந்து, புலாவ் பரிமாறிட்டு, நானே உன்னை வண்டியில..."

"அப்ப மணி மூணாயிடும்ங்க."

"அடுத்த வருஷம் வேற இடம் வராமயா போயிடும்?"

"மூணு வாரமா நாளைக்குன்னீங்க. இப்ப அடுத்த வருஷமா?"

"ஆயி மனசு நோகுதுல்ல."

"என் மனசு நோகலியா? அதைச் சட்டம் போட்டு மாட்டினாத்தான் உங்க கண்ணுல படுமா?"

பேச வேண்டிய நேரம் அதுதான் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். நான் காத்திருந்தேன், நிஜமாகவே காத்திருந்தேன். அவன் கையைத் துடைக்கத் துணி தேடினான்.

சரி.

மேசைமேல் இருந்த பையின் ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டேன். சுவரில் அது ஒரு முறை செருமிவிட்டுக் குளிர்காற்றை விட்டது. கரோமத் பெரியம்மா இதற்குள் வாசல்வரை வந்துவிட்டிருந்தார். "அம்மாடி, சொர்க்கம்!" என்று சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொத்துச்சாவி கதவிலேயே தொங்கியது. விருந்தறைச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றினேன். நகம் ஒன்று உடைந்தது. மற்ற சாவிகளை மாமியார் கையில் வைத்தேன்.

"இது என்கிட்ட இருக்கட்டும், ஆயி. சாயங்காலம் வந்து இந்த அறையில மேசை போடணும். நோட்டு திருத்த."

"எவ்வளவு தைரியம்..." என்று ஆரம்பித்தவர், முற்றத்துக் கட்டிலில் எனக்காக எடுத்து வைத்திருந்த ஜரிகைச் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். சலாம் வைக்கும்போது முகத்தை மூடப் போட்டுக்கொள்ளும் சால்வை. நான் அதைத் தொடவில்லை. வீட்டில் உடுத்தும் அதே பருத்திச் சட்டையோடு, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சான்றிதழைச் சிவப்பு அட்டைக்குள் செருகி எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் பதிவு எண்ணாவது பார்க்க உதவும்.

தெருக்கதவைத் திறந்தபோது முதல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆறேழு பேர், துணி மூடிய தாம்பாளங்களோடு. முன்னால் வந்த தங்கப்பல் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சால்வை இல்லாததால் வேலைக்காரப் பெண் என்று நினைத்துவிட்டார் போல.

"ஏம்மா, கெலின் எங்க?"

"உள்ள எல்லாம் இருக்கு, போய்ப் பாருங்க. ஏசி போட்டிருக்கேன், கதவைச் சாத்திக்குங்க."

"மன்ஸூரா!" பின்னாலிருந்து ஹிக்மத். முற்றத்துக்கு ஓடி வந்திருந்தான். நில் என்று சொல்லவில்லை, நானும் வரேன் என்றும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு வருவ?"

"நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தாம்பாளங்கள் வழிவிட, டாக்ஸி நிற்கும் சாலையைப் பார்த்து நடந்தேன்.